பூ மலர்ந்த நாளைக் குறித்து வைத்த ஊர்

சென்னைக் கடற்கரையில் காமராசர் சாலையை நோக்கி நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை அறியாதவர் அரியர். மேலைநாடுகளில் சொற்பொழிவாற்றித் திரும்பிய விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு அங்கே சில நாள் தங்கினார். அதனால் அப்பெயர் பெற்றது. ஆயினும் அந்த வட்டாரத்தை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். அக்கட்டடம் எழுப்பப்பட்ட நோக்கத்தை அந்தப் பழம்பெயர் மறவாமல் காத்து வருகிறது. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் 1842ஆம் ஆண்டளவில் அதனைப் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டினார். பாஸ்டன் நகரைச் சூழ்ந்த ஏரி குளங்கள் குளிர்காலத்தில் கல்போல் உறையும். அப்பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, மாதக்கணக்கில் கடலில் செலுத்திச் சென்னையில் இறக்கி விற்றார். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவும்வரை இவ்வணிகம் நடந்தது.

அவ்வாறு பனி அறுக்கப்பட்ட நீர்நிலைகளுள் ஒன்று வால்டன் குளம். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வணிகர்களின் ஆட்கள் அங்கே வந்து, வாளும் கடப்பாரையுமாக உறைபனியை அறுத்ததைக் கரையிலிருந்த சிறு குடிலில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தம் குளத்து நீர் சென்னை மக்களின் தாகத்தையும் தணிக்கப் போகிறது என எண்ணி வியந்தார். பின்னாளில் எழுதிய நூலில் சென்னையின் பெயரையும் சேர்த்தார். அவரே ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகள் மதித்துப் படித்த 'சட்டமறுப்பு' என்னும் கட்டுரையின் ஆசிரியர் என்று அவரை நம்மில் பலர் அறிவோம்.

அந்தக் குளத்தின் பனி இன்று முன்போல் நிலைப்பதில்லை. தோரோவின் நாளில் குளத்துப் பனி முற்றும் உருகி நீர் வெளிப்பட்டது சராசரியாக ஏப்ரல் முதல் நாளையொட்டி. அண்மைப் பத்தாண்டுகளிலோ அது மார்ச்சு மாத நடுவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு வார வேறுபாடு. இதனை நாம் எவ்வாறு அறிந்தோம்? நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கரையில் நின்று பார்த்து, தேதியிட்டு எழுதி வைத்தார். பிறகு வந்த சிலரும் அவ்வாறே எழுதி வைத்தனர். அறிந்தது அவ்வளவினால்தான். அவ்வாறு எழுதி வைத்த ஊரைக் காணும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கிட்டியது. அங்குக் கண்டதையும் கேட்டறிந்ததையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஊரும் குளமும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 20 மைல் தொலைவில் இருப்பது கான்கார்டு. பாஸ்டனின் வடக்கு நிலையத்தில் பிட்ச்பர்க் தடத்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். இத்தடம் 1844ஆம் ஆண்டு இடப்பட்டது. ஊரை நெருங்குகையில் வண்டி வால்டன் குளத்தின் ஓரத்தைத் தொட்டுச் செல்கிறது. மரங்களுக்கிடையே நீர் பளிச்சென்று தோன்றி மறைகிறது.

ஏறத்தாழ 18,000 மக்கள் வாழும் அமைதியான ஊர் அது. வெண்ணிறப் பலகை வீடுகள். அவற்றைக் கவிந்து நிற்கும் மேப்பிள், ஓக்கு மரங்கள். சட்பரி, அசபெட் என்னும் இரு சிற்றாறுகள் அங்கே கூடிக் கான்கார்டு ஆறாகின்றன. 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஆங்கிலேயப் படையை ஊரார் எதிர்த்து நின்ற வடக்குப் பாலத்தைக் காணவே பயணிகள் மிகுதியாக வருகின்றனர். எமர்சன், ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் ஆகிய எழுத்தாளர்களின் இல்லங்களும் அங்கே உள்ளன. அவற்றைப் பற்றி எழுதப் பிறர் பலர் உளர். நான் குளத்தை நோக்கி நடந்தேன்.

நிலையத்திலிருந்து குளம் ஒன்றரை மைல். பனிப்பாறைகள் உருகிய பண்டைக் காலத்தில், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், தோன்றிய பள்ளத்தில் தேங்கிய நீர் அது. பரப்பு ஏறத்தாழ 61 ஏக்கர். ஆழம் 102 அடி. அடியே இல்லாத குளம் என்று அந்நாளில் ஊரார் சிலர் நம்பினர். தோரோ 1846ஆம் ஆண்டு உறைபனியின்மேல் நடந்து, கயிற்றில் கல்லைக் கட்டித் துளைகள் வழியே இறக்கி, ஆழத்தை அளந்து வரைபடம் தீட்டினார். அவர் சொன்ன 102 அடியைப் பிற்கால அளவைகளும் உறுதி செய்தன. கேட்டதை நம்பாமல் தானே சென்று அளந்து பார்க்கும் அவர் இயல்புக்கு இது ஒரு சான்று.

குளத்தின் வடகரையில் அவர் குடில் இருந்த இடத்தைக் கருங்கல் தூண்கள் சுட்டுகின்றன. அருகே அன்பர்கள் கொணர்ந்து இட்ட கற்கள் குவியலாகக் கிடக்கின்றன. 1872இல் தொடங்கிய வழக்கம் இது. அகலம் 10 அடி, நீளம் 15 அடி கொண்ட அக்குடிலில் அவர் வாழ்ந்தது 1845ஆம் ஆண்டு சூலை 4 முதல் 1847ஆம் ஆண்டு செப்டம்பர் 6 வரையே. குடில் இன்று இல்லை. அதைப்போன்ற ஒன்றைச் சற்றுத் தொலைவில் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டில், மேசை, அடுப்பு, மூன்று நாற்காலி. வேறொன்றும் இல்லை.

நான் சென்றது மே மாதத்தின் இரண்டாவது வாரம். நீரையொட்டிப் புதர் புதராக நிற்கும் ஒரு செடியை உடன் வந்த நண்பர் காட்டினார். உயர்புதர் புளூபெர்ரி என்பது அதன் பெயர். சிறுமணியைக் கவிழ்த்தாற்போன்ற வெண்பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்து, மிளகளவு பசுங்காய்கள் பிடித்திருந்தன. காண்பதற்கு மிக எளிய காட்சி. ஆயினும் அதன் பொருளை அவர் சொன்னபோது நான் நின்றுவிட்டேன். தோரோவின் நாளில் இச்செடியின் முதற்பூ விரிந்ததே மே மாத நடுவில்தான். அவர் முதல் மலரைக் கண்டு குறித்த வாரத்தில் நான் காயைக் கண்டுகொண்டிருந்தேன்.

தொப்பியில் செடி சுமந்தவர்

தோரோ 1817ஆம் ஆண்டு கான்கார்டில் பிறந்து, 1862ஆம் ஆண்டு அங்கேயே காசநோயால் மறைந்தார். வாழ்ந்தது 44 ஆண்டுகள். ஹார்வர்டில் பயின்றவர். தந்தையார் நடத்தியது பென்சில் தொழில். மகனும் அதில் உழைத்து, காரீயத்தைக் களிமண்ணோடு சேர்த்து உறுதியான பென்சில் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். பிறகு நில அளவையாளராகப் பொருள் ஈட்டினார். தாவர ஆராய்ச்சி அவருக்குத் தொழில் அன்று. அதற்காக எவரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை.

குளக்கரையை விட்டு ஊருக்குள் திரும்பிய பின்னரே, 1850களில், அவர் அப்பணியில் முழுமூச்சாக இறங்கினார். நாள்தோறும் பல மணி நேரம் நடப்பார். செடிகளை அழுத்தி வைக்கப் பழைய இசைப் புத்தகம் ஒன்று. பறவைகளைக் காணத் தொலைநோக்கி. பையில் நாட்குறிப்பும் பென்சிலும். தொப்பிக்குள் சிறு தட்டு ஒன்று அமைத்து, பறித்த செடியை வாடாமல் அதில் வைத்துத் தலைமேல் சுமந்து வருவார். ஓர் ஊறணி நிலத்தில் தம்மை மயக்கத்திலிருந்து எழுப்பினாலும், சுற்றியுள்ள செடிகளைப் பார்த்தே அன்றைய நாளை இரண்டு நாள் பிசகுக்குள் கூறிவிட முடியும் என்று அவர் எண்ணியதாக எமர்சன் தம் நினைவுரையில் எழுதியிருக்கிறார். இன்ன செடி இன்ன நாளில் பூக்க வேண்டும் என்று குறிப்பேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவாராம். வங்கியாளர் தமக்கு வரவேண்டிய தொகையைக் கணக்குப் பார்ப்பதுபோல.

1837 முதல் 1861 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு ஏறத்தாழ 20 லட்சம் சொற்கள் கொண்டது. அதிலிருந்து பூத்த நாள், இலை விட்ட நாள், பறவை வந்த நாள் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, பெரிய தாள்களில் கட்டம் கட்டமாகக் கோடிட்டு அட்டவணைகள் தயாரித்தார். இடப்புறம் செடியின் பெயர். வலப்புறம் ஆண்டுவாரியாக நாள். தம் ஊரின் ஓராண்டு முழுவதையும் காட்டும் பெரும் பஞ்சாங்கம் ஒன்றை ஆக்குவது அவர் எண்ணம் போலும். அது நிறைவேறுமுன் இறப்பு முந்திக்கொண்டது. அத்தாள்கள் கையெழுத்துப் படிகளாகவே நெடுங்காலம் கிடந்தன. இலக்கிய அறிஞர் சிலர் அவற்றின் இருப்பை அறிந்திருந்தனர். உயிரியல் அறிஞர் பெரும்பாலோர் அறிந்திலர்.

கடைக்காரர் ஒருவர் தொடர்ந்தார்

தோரோ மறைந்த பின் அவ்வூரில் ஆல்பிரடு ஹாஸ்மர் என்றொருவர் இருந்தார். கடை வைத்துப் பிழைத்தவர். தோரோவின் எழுத்தில் ஈடுபாடு மிக்கவர். 1878ஆம் ஆண்டும், பின்னர் 1888 முதல் 1902 வரை தொடர்ந்தும், கான்கார்டின் காடு, வயல், சதுப்பு, ஆற்றங்கரை எங்கும் நடந்து, 600க்கும் மேற்பட்ட செடிவகைகள் முதற்பூ பூத்த நாளைக் குறித்தார். பதினாறு ஆண்டுக் குறிப்பு! அதனை அவர் நூலாக வெளியிடவில்லை. அக்குறிப்பேடுகள் இன்று கான்கார்டு பொது நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

இத்தகைய உழைப்பின் தன்மையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முதற்பூ மலர்ந்த நாளைச் சொல்ல வேண்டுமாயின், அதற்கு முந்தைய நாளிலும் அங்கே சென்று, பூ இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். வாரத்திற்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே 'இன்று பூத்தது' என்னும் ஒரு வரியின் பின்னால் 'இன்று பூக்கவில்லை' என்னும் எழுதப்படாத பல நாள் நடைகள் இருக்கின்றன. மழையென்றும் வேலையென்றும் சொல்லி நின்றுவிடாதவரால்தான் இது கூடும்.

ஏடுகள் பேசின

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராகப் பணிபுரிந்த ரிச்சர்டு பிரிமாக் நெடுங்காலம் போர்னியோத் தீவின் மழைக்காடுகளை ஆய்ந்தவர். புவி வெப்பமடைவதன் விளைவைத் தம் வீட்டருகே காண இயலுமா என்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தேடத் தொடங்கினார். தேடலுக்குப் பழைய குறிப்புகள் வேண்டும். அப்போதுதான் தோரோவின் அட்டவணைகளைப் பற்றிய செய்தி அவருக்குக் கிட்டியது. தோரோவின் கையெழுத்தோ படிப்பதற்கு மிகக் கடினம். செடிகளின் அறிவியற் பெயர்களும் இடைக்காலத்தில் மாறிவிட்டன. அவரும் அவர் மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் பொறுமையாக அவற்றைப் படித்து இன்றைய பெயர்களோடு பொருத்தினர். பின்னர்த் தோரோவும் ஹாஸ்மரும் நடந்த அதே இடங்களில் தாமும் ஆண்டுதோறும் நடந்து, பூத்த நாளைக் குறித்தனர்.

2008ஆம் ஆண்டு வெளியான அவர்களின் ஆய்வு சொன்ன முடிவு இது: 1852 முதல் 2006 வரையுள்ள காலத்தில் கான்கார்டின் வெப்பம் 2.4 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. உலகளாவிய வெப்ப உயர்வும், பாஸ்டன் வட்டாரம் கட்டடங்களும் சாலைகளுமாகப் பெருகியதும் இதற்குக் காரணம். பொதுவாகக் காணப்படும் 43 செடிவகைகளை ஒப்பிட்டதில், தோரோவின் நாளைவிடச் சராசரியாக ஏழு நாள் முன்னதாகவே அவை பூக்கின்றன. உயர்புதர் புளூபெர்ரியோ ஏறத்தாழ மூன்று வாரம் முந்திவிட்டது.

2012ஆம் ஆண்டின் இளவேனில் வழக்கத்திற்கு மாறான வெப்பம் கொண்டதாக இருந்தது. அவ்வாண்டு கான்கார்டின் இளவேனிற் செடிகள் தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகப் பூத்தன. புளூபெர்ரி ஏப்ரல் முதல் நாளிலேயே மலர்ந்தது. தோரோவின் கணக்குக்கு ஆறு வாரம் முன்னதாக!

வெப்பம் ஏறினால் செடி ஏன் முந்திப் பூக்கிறது? குளிர்நாட்டுச் செடியின் மொட்டு குளிர்காலம் முழுவதும் உறங்கும். போதிய குளிரைப் பெற்ற பின், வெயிலின் சூடு நாள்தோறும் சேரச் சேர அது விழித்து வளரும். பூப்பதற்கு முந்தைய ஓரிரு மாதங்களின் வெப்பமே பூக்கும் நாளைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதைக் கான்கார்டு ஏடுகள் தெளிவாகக் காட்டின. செடி பூப்பதும், மரம் தளிர்ப்பதும், பறவை வருவதும், பூச்சி வெளிப்படுவதும் ஆண்டின் எந்நாளில் நிகழ்கின்றன என்று ஆயும் துறையைப் பருவநிகழ்வியல் என்று அழைக்கிறார்கள். பெயர் புதிது, செயலோ, 'கொன்றை பூத்தது, மாம்பூ விட்டது' என்று நாள் எண்ணும் உழவரின் செயலைப்போலப் பழையது.

எழுத்து மட்டுமன்றிப் படமும் சான்று கூறியது. கான்கார்டுக்கு வடக்கேயுள்ள லோவல் நகரின் கல்லறைத் தோட்டத்தில் 1868ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளன்று எடுத்த ஒரு நிழற்படம் கிடைத்திருக்கிறது. அதில் மரங்கள் இலையின்றி மொட்டையாக நிற்கின்றன. 2005ஆம் ஆண்டு அதே நாளில் அதே இடத்தைப் படமெடுத்தபோது மரங்கள் அடர்ந்து தழைத்து நின்றன. படத்தை எடுத்தவர் வீரர்களின் நினைவைப் போற்றவே எடுத்தார். மரத்தைப் பற்றி அவர் எண்ணியிருக்க மாட்டார். எனினும் நாளிட்டு வைத்ததால் அது சான்றாயிற்று.

காணாமற்போன மலர்கள்

ஏழு நாள் முந்திப் பூத்தால் என்ன கேடு என்று சிலர் கேட்கக்கூடும். கேடு எங்கே இருக்கிறது என்பதையும் அதே ஏடுகளே காட்டின.

தோரோ கண்டு எழுதிய செடிவகைகளைப் பட்டியலிட்டு, பிரிமாக்கும் அவர் துணைவரும் ஊரெங்கும் தேடினர். 27 விழுக்காடு செடிகள் எங்கும் தென்படவில்லை. மேலும் 36 விழுக்காடு, அழியும் நிலையை எட்டும் அளவுக்கு அருகிவிட்டன. முன்பு கான்கார்டில் கண்ட 21 வகை ஆர்க்கிட் மலர்ச்செடிகளுள் ஏழு வகைகளே கண்ணுக்குத் தென்பட்டன. கட்டடம் எழுந்ததால் மறைந்தன என்று மட்டும் சொல்வதற்கில்லை. இயற்கை நிலங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு இன்றும் பெரிதும் சிதையாமல் இருக்கிறது. பின் ஏன் மறைந்தன?

2008ஆம் ஆண்டின் பிறிதோர் ஆய்வு இதற்கு விடை தேடிற்று. வெப்பத்திற்கேற்பத் தம் பூக்கும் நாளை மாற்றிக்கொள்ளும் செடிகள் நிலைத்திருக்கின்றன. அவ்வாறு மாற்றிக்கொள்ள இயலாத செடிகளே மிகுதியாகக் குறைந்தன. அவை ஏதோ ஒரு குடும்பத்திற்கு ஒன்றாகச் சிதறலாகக் குறையவில்லை. ஆர்க்கிட், லில்லி, ரோசா, வயலட் எனச் சில குடும்பங்களில் திரளாகக் குறைந்தன. எல்லோரும் விரும்பிப் பார்க்கும் மலர்களே அவற்றுள் பல. மறுபுறம், அயல்நாடுகளிலிருந்து வந்து பரவிய செடிகள் நாளை மாற்றிக்கொள்வதில் வல்லனவாக இருக்கின்றன. ஆதலால் அவை பெருகுகின்றன. வெப்பம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. தோரோவின் நாளில் வயலும் மேய்ச்சலுமாய் இருந்த நிலங்கள் பின்னர் மீண்டும் காடாயின. மான்கள் பெருகி இளஞ்செடிகளை மேய்கின்றன. ஆயினும் எது நிற்கும், எது மறையும் என்பதைப் பிரிக்கும் கோடு, காலத்தோடு மாறும் ஆற்றல் என்பதை ஏடுகள் காட்டுகின்றன.

இன்னுமொரு நுட்பம் உண்டு. காட்டின் அடியில் வாழும் சிறு மலர்ச்செடிகளுக்கு ஆண்டில் சில வாரங்களே வெயில் கிடைக்கும். மேலே மரங்கள் தளிர்க்குமுன் அவை இலை விரித்து, வெயிலுண்டு, ஆண்டுக்கு வேண்டிய உணவைச் சேர்த்துவிடும். மரங்கள் தழைத்ததும் நிழல் கவிந்துவிடும். கான்கார்டுக் குறிப்புகளைக் கொண்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இவ்விரண்டையும் ஒப்பிட்டது. தோரோவின் காலத்தைவிட மரங்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் முந்தித் தளிர்க்கின்றன. அடிச்செடிகளோ ஏறத்தாழ ஒரு வாரமே முந்துகின்றன. நிழல் முந்திக்கொண்டது, செடிக்குக் கிடைக்கும் வெயில்நாள் சுருங்கிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் முன்னதாகவே பந்தியில் அமர்ந்துவிட்டால், பிந்தி வரும் குழந்தைக்கு மிஞ்சுவது எவ்வளவு?

பறவைகளின் நிலை வேறு. கான்கார்டுக்கு வேனிலில் வரும் பறவைகளின் வருகை நாளையும் தோரோ முதலாகப் பலர் குறித்து வந்திருக்கின்றனர். வில்லியம் புரூஸ்டர், லட்லோ கிரிஸ்காம் ஆகிய பறவையியல் அறிஞர்கள் அவர்களுள் சிலர். செடிகள் முந்திய அளவுக்குப் பறவைகள் முந்தவில்லை. பலவற்றின் வருகை நாள் பெரிதும் மாறவே இல்லை. நடு அமெரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை, பகற்பொழுது நீள்வதைக் கொண்டே புறப்படும் வேளையை உணர்கிறது. கான்கார்டில் முந்தித் தளிர்த்ததை அங்கிருந்து அது எவ்வாறு அறியும்? இளந்தளிரை உண்ணும் புழுக்கள் மிகுந்திருக்கும் வேளையில் குஞ்சு பொரித்தால்தான் வயிறு நிறையும். தளிர், புழு, பறவை மூன்றும் வெவ்வேறு நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினால் உணவுச் சங்கிலியில் இடைவெளி விழும். அந்த அச்சமே ஆய்வாளர்களை இன்றும் காடுகளில் நடக்கச் செய்கிறது.

இவ்வரலாற்றையெல்லாம் பிரிமாக் 2014ஆம் ஆண்டு 'வால்டன் வார்மிங்' என்னும் நூலாக எழுதியிருக்கிறார்.

எங்கெங்கும் குறிப்பேடுகள்

கான்கார்டு தனித்த ஊர் அன்று. இங்கிலாந்தின் நார்பக் மாவட்டத்தில் ராபர்ட் மார்ஷம் என்பார் 1736ஆம் ஆண்டு தம் தோட்டத்தில் இளவேனிலின் அறிகுறிகளைக் குறிக்கத் தொடங்கினார். அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை, தலைமுறை தலைமுறையாக, அதனைத் தொடர்ந்தனர். ஜப்பானின் கியோத்தோ நகரில் அரசவையோர், துறவியர் ஆகியோரின் நாட்குறிப்புகளிலிருந்து செர்ரி மலர்ந்த நாள்களை ஒன்பதாம் நூற்றாண்டு முதல் திரட்டியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் மரங்கள் முழுமையாக மலர்ந்தது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் மிக முந்திய நாளாகக் கணிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு நிறுவிய தேசியப் பருவநிகழ்வு வலையமைப்பின் வழியே ஆசிரியரும், மாணவரும், ஓய்வுபெற்றோரும் தத்தம் வீட்டு மரங்களைக் குறித்து அனுப்புகின்றனர்.

நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டு 'சீசன்வாட்ச்' என்னும் முயற்சி தொடங்கிற்று. பள்ளிச் சிறுவர் ஒரு மரத்தைத் தமதாகத் தேர்ந்துகொண்டு, வாரத்திற்கு ஒருமுறை அதில் தளிர், பூ, காய், கனி உண்டா என்று குறிக்கிறார்கள். கேரள மாணவர் இதில் பெருமளவில் ஈடுபட்டிருக்கின்றனர். தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அறிவியல் அறிஞர் எண்ணிக்கையில் சிலர், மரங்களோ கோடானுகோடி. பொதுமக்களின் கண் துணையிருந்தாலன்றி அவை அனைத்தையும் பார்ப்பது எங்ஙனம்?

நம் வீட்டு ஏடு

கான்கார்டின் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டத்தில் தோரோவின் கல் மிகச் சிறியது. 'ஹென்றி' என்று மட்டும் பொறித்திருக்கிறது. அதனடியில் வருவோர் பென்சில்களை வைத்துச் செல்கின்றனர். பென்சில் செய்து பிழைத்து, பென்சிலால் நாள்தோறும் எழுதியவருக்குப் பொருத்தமான காணிக்கை அது.

தாம் எழுதியது எதற்குப் பயன்படும் என்பதைத் தோரோ அறிந்திலர். புவி வெப்பமடையும் என்பதை ஹாஸ்மர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். கண்டதைக் கண்டவாறு, கூட்டாமலும் குறைக்காமலும், நாளிட்டு எழுதினார்கள். அவ்வளவே அவர்கள் செய்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அம்மலர்களுள் எவை மறைந்தன என்று சொல்ல அந்த ஏடுகளைத் தவிர வேறு துணை இல்லாமற்போயிற்று. எழுதி வைத்திராவிட்டால் மலர்கள் மறைந்தது மட்டுமன்று, மறைந்தன என்பதும் மறைந்திருக்கும்.

நம் தெருமுனை வேம்பு முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்நாளில் பூத்தது? கொல்லைப்புறப் புளி எப்போது தளிர்த்தது? ஊர்க் குளத்திற்கு நாரைகள் எந்த வாரத்தில் வந்தன? 'அந்தக் காலத்தில் இப்படி இல்லை' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அச்சொல்லில் உண்மை இருக்கலாம். ஆனால் அதில் தேதி இல்லை. தேதி இல்லாத நினைவு பெருமூச்சாக முடிகிறது. தேதியுள்ள நினைவே சான்றாகிறது.

ஆதலின் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேம்போ, மாவோ, புங்கோ, கொன்றையோ எதுவாயினும் ஆகுக. அதே மரத்தை, இயன்றால் நாள்தோறும், இயலாவிட்டால் வாரத்தில் குறித்த ஒரு நாளில் பாருங்கள். தளிர், மொட்டு, பூ, காய், கனி, இலையுதிர்வு ஆகியவற்றுள் எது உண்டு, எது இல்லை என்று எழுதுங்கள். நாளையும் ஊரையும் மறவாமல் இடுங்கள். ஒன்றும் இல்லாத வாரத்தில் 'ஒன்றும் இல்லை' என்றும் எழுதுங்கள், அதுவும் செய்தியே. சிறுவர் இதனை விரும்பிச் செய்வர். முதியோர் அவர்களுக்குத் துணையிருக்கலாம். பாட்டியும் பேரனும் சேர்ந்து பார்க்கும் மரம் இருவருக்கும் உறவாகிவிடும்.

ஓராண்டுக் குறிப்பு பெரிதாக எதையும் சொல்லாது. ஐந்தாண்டும் ஒருவேளை சொல்லாது. ஹாஸ்மர் பதினாறு ஆண்டு எழுதினார். மார்ஷம் குடும்பத்தார் இரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதினர். நாம் தொடங்கும் ஏட்டைப் பயன்படுத்தப் போகிறவர் இன்னும் பிறவாதவராக இருக்கலாம். அவர் வந்து தேடும்போது ஏடு இருக்க வேண்டும். அதில் தேதியும் இருக்க வேண்டும்.